நாற்பதில் முப்பது போக

அரியலூரில் ப்ளஸ் டூ கணக்குக்கு ட்யூஷன் போன யாரிடமாவது ‘ஐலேட்’ என்று சொல்லிப் பாருங்கள். இப்போது சிமெண்ட் ஆலையில் வேலை பார்ப்பவராக இருக்கலாம், சிங்கப்பூரில் இருப்பவராக இருக்கலாம். யோசிக்காமல் பதில் வரும்: பகுதித் தொகையிடல். நேர்மாறு முக்கோணவியல், மடக்கை, இயற்கணிதம், முக்கோணவியல், அடுக்குக்குறி என்ற வரிசையில் எது முதலில் வருகிறதோ அது ‘யு’. மிச்சம் இருப்பது ‘டிவி’. அப்புறம் சூத்திரம். முதலாவதை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டாவதைத் தொகையிடு. அதிலிருந்து கழி. எதைக் கழிக்க? முதலாவதை வகையிட்டு, இரண்டாவதன் தொகையோடு பெருக்கி, மறுபடியும் தொகையிட்டதை.

எங்கள் ட்யூஷன் சார் இதை மூச்சு விடாமல் சொல்வார். நாங்களும் மூச்சு விடாமல் எழுதினோம். ஒருநாள் ஒரு பையன் எழுந்து, “ஏன் சார் கழிக்கிறோம்?” என்று கேட்டான். “பெருக்கல் விதியை ரெண்டு பக்கமும் தொகையிட்டா கழித்தல்தான்டா வரும். உக்காரு.” அவன் உட்கார்ந்தான். அந்தப் பையன் நான்தான் என்று எழுதிக்கொள்ள ஆசை. நான் இல்லை. எனக்கு அப்போது அந்தச் சந்தேகம்கூட வரவில்லை.

சார் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. எல்லாப் பாடநூலிலும் அதுதான் நிரூபணம். இரண்டு சார்புகளின் பெருக்கலை வகையிடும் விதி முதலில் வரும். அதைத் திருப்பிப் போட்டால் பகுதித் தொகையிடல் கிடைக்கும். தாய் முதலில், பிள்ளை பிறகு. ஆனால் வரலாற்றில் இது தலைகீழாக நடந்திருக்கிறது. பிள்ளை என்று நாம் நினைப்பதுதான் மூத்தது. பெருக்கல் விதி என்ற ஒன்று யாருக்கும் தெரிவதற்கு முன்பே, ‘வகையிடுதல்’ என்ற சொல்லே இல்லாத காலத்தில், அந்தக் கழித்தல் இருந்தது. ஏன் கழிக்கிறோம் என்ற காரணமும் கூடவே இருந்தது. அதை மக்கள் பேசும் மொழியில் ஒருவர் எழுதியும் வைத்திருந்தார்.

*

அந்தக் காரணம் எனக்குப் புரிந்தது ஒரு வங்கி மென்பொருளில் வட்டிக் கணக்கு எழுதியபோது.

2010 ஏப்ரல் 1 முதல் சேமிப்புக் கணக்குகளுக்குத் தினசரி இருப்பின் மீது வட்டி கணக்கிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி கொண்டுவந்தது. அதற்கு முன்பு மாதத்தின் 10ஆம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் நடுவில் இருந்த மிகக் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. புதிய முறையைச் சரிபார்க்க நான் இரண்டு நிரல்கள் எழுதினேன். ஒன்று, ஒவ்வொரு வரவையும் தனியாக எடுத்து, அது எத்தனை நாள் கணக்கில் கிடந்தது என்று பெருக்கும். இன்னொன்று, நாளின் முடிவில் கணக்கில் மொத்தம் எவ்வளவு இருந்தது என்று பார்த்து, நாள் நாளாகக் கூட்டும். இரண்டு விடையும் பைசா சுத்தமாகப் பொருந்தின. பொருந்தத்தானே வேண்டும் என்று அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். அன்று பகுதித் தொகையிடலை இரண்டு விதமாக எழுதியிருக்கிறேன் என்பது ரொம்பக் காலம் கழித்துத்தான் உறைத்தது.

வங்கியை விடுவோம். ஊர்க்கணக்கில் சொல்கிறேன். ஒருவர் தை முதல் தேதியில் 1,000 ரூபாய் கைமாற்றாகக் கொடுக்கிறார். மாசி ஒன்றாம் தேதி 2,000, பங்குனி ஒன்றாம் தேதி 3,000, சித்திரை ஒன்றாம் தேதி 4,000. அன்றைக்கே உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறார்கள். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, அதாவது ஆயிரத்துக்குப் பத்து.

முதல் வழி: தை மாதத்து ஆயிரம் 3 மாதம் இருந்தது. மாசியின் இரண்டாயிரம் 2 மாதம். பங்குனியின் மூவாயிரம் 1 மாதம். சித்திரையின் நாலாயிரம் இன்றுதான் போனது, அதற்கு வட்டி இல்லை. 3, 4, 3, 0. மொத்தம் 10. பத்துப் பத்தாக நூறு ரூபாய்.

இரண்டாவது வழி: தை முழுக்க வெளியே நின்ற கடன் ஆயிரம். மாசி முழுக்க மூவாயிரம். பங்குனி முழுக்க ஆறாயிரம். 1, 3, 6. மொத்தம் 10. அதே நூறு ரூபாய்.

முதல் வழியைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். கொடுத்த மொத்தம் பத்தாயிரம். எல்லாப் பணமும் முழுசாக நாலு மாதம் வெளியே இருந்தது என்று வைத்துக்கொண்டால் 4 × 10 = 40. ஆனால் எதுவும் முழுசாக நாலு மாதம் இல்லையே. முதல் தொகைக்கு ஒரு மாதம் குறைக்க வேண்டும், இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு மூன்று, நாலாவதற்கு நாலு. குறைக்க வேண்டியது 1×1, 2×2, 3×3, 4×4, கூட்டினால் 30. நாற்பதில் முப்பது போக மிச்சம் 10. அந்தப் பத்துதான் 1, 3, 6 என்ற கூட்டலின் கூட்டல்.

இதுதான் பகுதித் தொகையிடல். முழுச் செவ்வகத்தை எடு, கூட்டலின் கூட்டலைக் கழி, நீ தேடும் பெருக்கற்கூட்டல் கிடைக்கும். நாற்பது என்பது ‘யுவி’. கழிக்கிற பத்து என்பது இரண்டாவது தொகையீடு. விடை முப்பது. அந்தக் கழித்தல் வேறெங்கிருந்தும் வரவில்லை, செவ்வகத்தில் நமக்கு வேண்டாத பாதியை வெட்டி எடுப்பதால் வருகிறது.

அரியலூர்க்காரர்களுக்கு இதைப் படம் போட்டுக் காட்டக்கூட வேண்டாம். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களைப் பார்த்தவர்கள் நாம். பள்ளத்தை நேராக வெட்டமாட்டார்கள், படிப்படியாகத்தான் இறக்குவார்கள். அப்படி ஒரு படிவரிசை செவ்வகத்தைக் குறுக்கே இரண்டாகப் பிரிக்கிறது என்று வையுங்கள். வெட்டி எடுத்த கல்லை அளக்க இரண்டு வழி உண்டு. லாரி லாரியாகப் போனதைக் கூட்டலாம். இல்லை, மொத்தக் கட்டியிலிருந்து வெட்டாமல் நிற்கிற படிகளைக் கழிக்கலாம். எது சுலபமோ அதைச் செய்தால் போதும். பகுதித் தொகையிடலின் சூட்சுமம் முழுக்க இந்தத் தேர்வில்தான் இருக்கிறது.

*

இந்த வழியைப் பெரிய காரியத்துக்குப் பயன்படுத்தியவர்கள் நிளா நதிக்கரையில் இருந்தார்கள். பாரதப்புழை என்று இன்று சொல்லப்படும் அந்த ஆறு ஆனைமலையில், நம் பக்கத்தில் பிறந்து மேற்கே போகிறது. 14ஆம் நூற்றாண்டில் தொடங்கி சங்கமகிராமத்து மாதவன், பரமேஸ்வரன், தாமோதரன், நீலகண்ட சோமயாஜி, ஜ்யேஷ்டதேவன் என்று ஆசிரிய மாணவ வரிசை ஒன்று அங்கே நீண்டது. சுமார் 1530-ல் ஜ்யேஷ்டதேவன் ஒரு நூல் எழுதினார். பெயர் ‘யுக்திபாஷா’. யுக்தி என்றால் காரணம், பாஷை என்றால் பேச்சுமொழி. அன்றைய வழக்கப்படி கணித நூல் என்றால் சமஸ்கிருதச் செய்யுளாக இருக்க வேண்டும். விதி மட்டும் இருக்கும், விளக்கத்தைக் குரு வாயால் சொல்வார். ஜ்யேஷ்டதேவன் மலையாள உரைநடையில் எழுதினார். விதியைவிட விளக்கம்தான் அதிகம்.

அதில் ‘சங்கலிதம்’ என்று ஒரு பகுதி. சங்கலிதம் என்றால் தொகுத்தல், கூட்டுதல். 1, 2, 3 என்று எண்களைக் கூட்டினால் மூல சங்கலிதம். அவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் வர்க்க சங்கலிதம். கனங்களைக் கூட்டினால் கன சங்கலிதம். கடைசியில் எந்தப் படிக்கும் பொதுவான சமகாத சங்கலிதம். எண்கள் மிகப் பெரிதாகப் போகும்போது, துண்டுகள் அணுவளவு சிறுக்கும்போது, இந்தக் கூட்டல்கள் எதை நெருங்குகின்றன என்பது கேள்வி.

அவர் சொல்லும் வழியை என் சொற்களில் தருகிறேன். மூல சங்கலிதம் ஏறத்தாழ கடைசி எண்ணின் வர்க்கத்தில் பாதி. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்: படிவரிசையின் பரப்பு சதுரத்தில் பாதி. இப்போது வர்க்கங்களின் கூட்டல் வேண்டும். மூல சங்கலிதத்தை எடுத்துக் கடைசி எண்ணால் பெருக்கு. கிடைப்பது கனத்தில் பாதி. ஆனால் இது நமக்கு வேண்டியதைவிட அதிகம். ஒவ்வொரு எண்ணையும் அதனாலேயே பெருக்க வேண்டிய இடத்தில் எல்லாவற்றையும் கடைசி எண்ணால் பெருக்கிவிட்டோம். அதிகமாகப் போனது எவ்வளவு? நம் கைமாற்றுக் கணக்கில் வந்த 1, 3, 6 மாதிரி கூட்டலின் கூட்டல். ஒவ்வொரு சிறு கூட்டலும் தன் வர்க்கத்தில் பாதி. ஆகவே அதிகமாகப் போனது வர்க்க சங்கலிதத்தில் பாதி. ஒன்றரை வர்க்க சங்கலிதம் கனத்தில் பாதி என்றால், ஒரு வர்க்க சங்கலிதம் கனத்தில் மூன்றில் ஒன்று.

முடிந்தது. சரிபார்க்க வேண்டுமானால், முதல் 1,000 எண்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 33,38,33,500 வரும். ஆயிரத்தின் கனத்தில் மூன்றில் ஒன்று 33,33,33,333. எண் பெரிதாகப் பெரிதாக, வித்தியாசம் விகிதத்தில் சுருங்கிக்கொண்டே போகும்.

பிறகு ஜ்யேஷ்டதேவன் இதே படியில் ஏறுகிறார். வர்க்கத்திலிருந்து கனம், நான்கில் ஒன்று. கனத்திலிருந்து அடுத்தது, ஐந்தில் ஒன்று. ஒவ்வொரு முறையும் அதே வழி: கடைசி எண்ணால் பெருக்கு, கூட்டலின் கூட்டலைக் கழி.

இது வெறும் வேடிக்கைக் கணக்கு இல்லை. இதை வைத்து அவர்கள் வட்டத்தின் சுற்றளவைப் பிடித்தார்கள். வட்டத்தைத் தொட்டு நிற்கும் நேர்கோட்டில் ஆரத்தின் நீளத்தை எடுத்துச் சிறு சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றும் வட்டத்தில் எவ்வளவு வில்லாகப் படிகிறது என்று கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கில் ஒரு வகுத்தல் வரும். அதை முடிவில்லாத கூட்டல் கழித்தலாக விரித்தால் வர்க்கங்கள், நான்காம் படிகள், ஆறாம் படிகள் வரும். அவற்றைக் கூட்டச் சங்கலிதம் வேண்டும். வர்க்கங்களிலிருந்து மூன்றில் ஒன்று, நான்காம் படியிலிருந்து ஐந்தில் ஒன்று. வட்டத்தில் எட்டில் ஒரு பங்கு வில், ஆரத்தைப் போல இத்தனை மடங்கு: 1, அதிலிருந்து மூன்றில் ஒன்று கழி, ஐந்தில் ஒன்று கூட்டு, ஏழில் ஒன்று கழி, இப்படியே முடிவில்லாமல். மாதவனின் தொடர் என்று அது அறியப்படுகிறது. அதில் தெரிகிற 3, 5, 7 ஒவ்வொன்றும் சங்கலிதத்தில் செய்த கழித்தல்களின் தழும்பு.

உடனே ‘நியூட்டனுக்கு முன்னாலேயே நம்மாளுங்க கால்குலஸ் கண்டுபிடிச்சுட்டாங்க’ என்று வாட்ஸப்பில் அனுப்ப வேண்டாம். ‘சார்பு’ என்ற பொதுக் கருத்து அங்கே இல்லை. பரப்பைக் காண்பதும் தொடுகோட்டைக் காண்பதும் ஒன்றுக்கொன்று நேர்மாறான வேலைகள் என்ற அறிவிப்பும் இல்லை. தவிர, இந்தச் செவ்வக வெட்டு அவர்களுக்கு மட்டும் சொந்தமானதும் இல்லை. சுமார் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கெய்ரோவில் வாழ்ந்த இப்ன் அல்-ஹைதம் இதே மாதிரி செவ்வகத்தை வெட்டி நான்காம் படிகள் வரை கூட்டியிருந்தார். பரவளையத்தைச் சுழற்றினால் வரும் திண்மத்தின் கன அளவு அவருக்கு வேண்டியிருந்தது. நிளா கரையில் நடந்தது, இந்த வெட்டை எல்லாப் படிகளுக்கும் நீட்டியதும், முடிவில்லாத தொடருக்குள் கொண்டுபோனதும், காரணத்தோடு எழுதி வைத்ததும்தான். அதுவே போதுமான பெருமை.

*

இனி பாரிஸ், 1675 அக்டோபர் 29. யுக்திபாஷா எழுதப்பட்டு ஏறக்குறைய 145 ஆண்டுகள் கழித்து. லைப்னிட்ஸ் என்ற 29 வயது ஜெர்மன்காரர் தனக்காகக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறார். படித்தது சட்டம், வந்தது அரசியல் தூது, மாட்டிக்கொண்டது கணக்கில். ‘எல்லாவற்றையும் கூட்டு’ என்பதற்கு லத்தீனில் ‘ஓம்னியா’ என்ற சொல்லைச் சுருக்கி ‘ஓம்ன்.’ என்று எழுதிவந்தார். அன்றைக்கு, இதற்குப் பதில் நீட்டி இழுத்த ‘எஸ்’ எழுத்தைப் போட்டால் வசதி என்று குறித்துவைத்தார். கூட்டுத்தொகைக்கு லத்தீனில் ‘சும்மா’ என்று பெயர், அதன் முதல் எழுத்து. இன்று உலகம் முழுக்கப் பிள்ளைகள் போடும் தொகையீட்டுக் குறி பிறந்த நாள் அது. சும்மா பிறந்ததில்லை.

அந்தக் குறியை வைத்து அதே தாளில் அவர் எழுதிய முதல் சில வரிகளில் ஒன்றைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ஒன்றை அதன் இட எண்ணால் பெருக்கிக் கூட்டியது என்பது, மொத்தக் கூட்டலைக் கடைசி இட எண்ணால் பெருக்கி, அதிலிருந்து கூட்டலின் கூட்டலைக் கழித்தது.

நாற்பதில் பத்து போக முப்பது. அப்பட்டமாக அதேதான். தொகையீட்டுக் குறி பிறந்த அன்றே அதன் கையில் பகுதித் தொகையிடல் இருந்தது.

அப்போது லைப்னிட்ஸுக்குப் பெருக்கல் விதி தெரியாது. இரண்டு வாரம் கழித்து, நவம்பர் 11ஆம் தேதிக் குறிப்பில், இரண்டின் பெருக்கலை வகையிட்டால் தனித்தனியாக வகையிட்டவற்றின் பெருக்கல்தான் வருமோ என்று யோசிக்கிறார். நம்மில் பலர் பரீட்சையில் போட்டு மார்க் விட்ட அதே தப்பு. எழுதிப் பார்த்து, சரிவராது என்று தானே கண்டுகொள்கிறார். சரியான விதி அதன் பிறகுதான் அவர் கைக்கு வந்தது. செவ்வகத்தை வெட்டிப் பார்த்து அவர் தெரிந்துகொண்ட கழித்தல் முன்னால், அதற்கு இன்று பாடநூலில் சொல்லப்படும் நிரூபணம் பின்னால். கிழக்கிலும் மேற்கிலும் ஒரே வரிசை. இந்த லைப்னிட்ஸும் மாதவனின் அதே தொடரைத் தன் வழியில் கண்டடைந்து 1682-ல் அச்சிட்டார் என்பது கதையின் இன்னொரு சுவாரசியம். பரப்பை வேறு விதமாகத் துண்டாக்கி, செவ்வகத்தில் மிச்சத்தைக் கழிக்கும் முறைதான் அவருக்கும் கைகொடுத்தது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1694-ல் யோகான் பெர்னோலி இந்தக் கழித்தலைத் திரும்பத் திரும்பச் செய்து, கூட்டல் கழித்தல் மாறி மாறி வரும் நீண்ட தொடர் ஒன்றை வெளியிட்டார். தமிழ்நாட்டு மேல்நிலைக் கணிதத்தில் ‘பெர்னோலி சூத்திரம்’ என்று படிக்கிறோமே, அந்தப் பெயர் இவருடையது. 1715-ல் இங்கிலாந்தின் புரூக் டெய்லர் தன் நூலில் விதியைப் பொது வடிவில் தந்தார். பெர்னோலி ‘அது என்னுடையது’ என்று சண்டைக்கு வந்தார். 1826-ல் நார்வேக்காரர் ஏபெல், முடிவில்லாத் தொடர்களைக் கையாளும்போது, தொகையீடே இல்லாத பழைய வடிவத்துக்கு, நம் கைமாற்றுக் கணக்குக்கு, திரும்பிப் போனார். அதற்கு இன்று ‘ஏபெல் கூட்டல்’ என்று பெயர்.

‘ஐலேட்’? அதை ‘லியேட்’ என்ற வடிவில் ஹெர்பர்ட் கசூப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1983-ல் ஒரு கணித இதழில் சிறு குறிப்பாக எழுதினார். என்னைவிட ஐந்து வயதுதான் மூத்தது. ஆனால் ட்யூஷனில் கேட்டால் வேதகாலத்திலிருந்து வருவது மாதிரி இருக்கும்.

*

இந்தக் கதைக்குள் சென்னையும் புதுச்சேரியும் வருகின்றன.

1825-ல் சென்னையில் ‘கால சங்கலித’ என்று ஒரு தடித்த ஆங்கில நூல் அச்சானது. எழுதியவர் ஜான் வாரன், ராணுவ அதிகாரி, வானியல் தெரிந்தவர். தலைப்பிலேயே சங்கலிதம் இருக்கிறது. தென்னிந்தியர்கள் காலத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பது நூலின் பொருள். புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரை உட்காரவைத்து, அந்த ஆண்டு வரவிருந்த சந்திர கிரகணத்தைக் கணிக்கச் சொன்னார் வாரன். அவர் காகிதம், எழுதுகோல் எதுவும் கேட்கவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பினார். மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களிலிருந்து எண்களை எடுத்து, சோழிகளை நகர்த்தி நகர்த்திக் கிரகண நேரத்தைச் சொன்னார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் சில நிமிடங்களே வித்தியாசம். ஆனால் அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று அவருக்குத் தெரியாது, அதன் தத்துவம் ஒன்றும் அவர் அறியவில்லை என்று வாரன் பதிவு செய்கிறார்.

இதைப் படித்தபோது எனக்கு ட்யூஷன் வகுப்பு ஞாபகம் வந்தது. சோழிக்குப் பதில் ஐலேட்.

அதே நூலில், மலபாரில் வட்டச் சுற்றளவுக்கு முடிவில்லாத் தொடர்கள் இருக்கின்றன என்ற பேச்சும் வருகிறது. இதெல்லாம் ஐரோப்பியர் யாராவது அண்மையில் சொல்லிக்கொடுத்ததாக இருக்கும் என்ற ஐயமும் வருகிறது. அந்த ஐயத்தை வாதிட்டுத் தீர்க்க முயன்றவர் சார்லஸ் விஷ், மலபாரில் வேலைபார்த்த கம்பெனி அதிகாரி. யுக்திபாஷா, தந்திரசங்கிரகம் உள்ளிட்ட நான்கு நூல்களைக் காட்டி அவர் எழுதிய கட்டுரை 1834-ல் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் வெளியீட்டில் வந்தது. அதற்கு முந்திய ஆண்டே, நாற்பது வயதைத் தொடுமுன், விஷ் இறந்துவிட்டார். பதிலுக்கு வாதாட ஆளில்லை. கட்டுரை நூறாண்டுக்கும் மேல் பெரிதாக யாராலும் கவனிக்கப்படாமல் கிடந்தது.

அதைத் தூசு தட்டியவர்களில் முக்கியமானவர் சென்னைக்காரர், சி. டி. ராஜகோபால். 1903-ல் பிறந்தவர். பிரசிடென்சி கல்லூரியில் ஆனந்த ராவின் மாணவர். ஆனந்த ராவ் கேம்பிரிட்ஜில் ஹார்டியிடம் பயின்றவர், ராமானுஜன் அங்கே இருந்த அதே காலத்தில். ராஜகோபால் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் நீண்ட காலம் கற்பித்தார், பிறகு சென்னை ராமானுஜன் கணிதக் கழகத்துக்குப் போய் 1955 முதல் அதன் இயக்குநராக இருந்தார். அவருடைய துறை, நேராகக் கூட்டினால் விடை தராத தொடர்களை எப்படிக் கூட்டலாம் என்பது. அந்தத் துறையில் இறங்கினவர்களுக்கு ஏபெல் கூட்டல் என்பது கொத்தனாருக்குக் கரண்டி மாதிரி, அது இல்லாமல் ஒரு நாள் ஓடாது.

அந்தக் கையோடு அவர் யுக்திபாஷைக்குப் போனார். முகுந்த மாராருடன் சேர்ந்து 1944-ல், விஷ் வைத்த அதே தலைப்பில், இந்துக்களின் வட்டச் சதுரமாக்கல் பற்றி எழுதினார். 1949-ல் இன்னொரு கட்டுரை. தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘இந்துக் கணிதத்தின் புறக்கணிக்கப்பட்ட அத்தியாயம்’. இடையில் 1948-ல் யுக்திபாஷையின் கணிதப் பகுதி திருச்சூரில் விளக்கத்தோடு அச்சேறியது. ராஜகோபால் 1978-ல் மறைந்தார். அந்த ஆண்டிலும் ரங்காச்சாரியுடன் சேர்ந்து இதே பொருளில் அவர் எழுதிய கட்டுரை வெளியானது. 34 ஆண்டுகள் ஒரு மனிதர் தன் பிழைப்புக்கான ஆராய்ச்சியின் பக்கவாட்டில் இதைத் தூக்கிச் சுமந்திருக்கிறார். சென்னையில் வாழ்ந்த கே. வி. சர்மா செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு, அவர் 2005-ல் மறைந்த பிறகு, 2008-ல் விரிவான கணித விளக்கங்களோடு வந்தது.

ராஜகோபால் சமஸ்கிருத பண்டிதராக அங்கே போகவில்லை. கணக்குப் போடுகிறவராகப் போனார். பழம்பெருமை தேடிப் போகிறவர்களுக்குச் சங்கலிதம் என்பது ‘நாம் முதலில்’ என்று சொல்லப் பயன்படும் ஒரு சாட்சி. தினமும் ஏபெல் கூட்டலைக் கையில் வைத்திருப்பவருக்கு அது தெரிந்த கருவி. அந்தக் கழித்தல் ஏன் என்று தெரிந்தவரால்தான் இன்னொருவர் வேறு மொழியில் செய்த அதே கழித்தலை எடைபோட முடியும்.

*

மனப்பாடத்தைக் குறை சொல்லி முடித்துவிடலாம்தான். ஆனால் அது நியாயமாக இருக்காது. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் கும்பகோணத்தில், 1903 வாக்கில் ராமானுஜன் கையில் ஒரு புத்தகம் கிடைத்தது. கார் என்பவர் எழுதியது, சுமார் ஐயாயிரம் விதிகள், பெரும்பாலும் நிரூபணம் இல்லாமல். கார் லண்டனில் மாணவர்களைப் பரீட்சைக்குத் தயார் செய்தவர். அதாவது நம் ஊர் பாஷையில் அது ஒரு கோச்சிங் நோட்ஸ். அந்த நோட்ஸிலிருந்து ஒருவர் எவ்வளவு தூரம் போகமுடியும் என்று உலகம் பார்த்தது. சோழிக்காரரும் அப்படித்தான். அவர் காரணத்தை இழந்திருந்தார், ஆனால் விடையை இழக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக அவர்கள் மனப்பாடம் செய்ததால்தான் வாக்கியப் பஞ்சாங்கம் இன்றும் நம் வீட்டு ஆணியில் தொங்குகிறது.

ஆனால் ராமானுஜன் ஒவ்வொரு விதிக்கும் காரணத்தைத் தானே கட்டிக்கொண்டார். எல்லோரும் ராமானுஜன் இல்லை. மற்ற எல்லோருக்கும்தான் ஒரு ஜ்யேஷ்டதேவன் வேண்டியிருக்கிறது. நான் தமிழ் வழியில் படித்தவன். ‘பகுதித் தொகையிடல்’, ‘அடுக்குக்குறிச் சார்பு’ என்றெல்லாம் சொற்கள் எனக்குத் தமிழில் கிடைத்தன. பொறியியல் கல்லூரிக்குப் போனதும் அதே விதிகள் ஆங்கிலத்தில் கிடைத்தன, ஃபூரியர் தொடருக்குப் பெர்னோலி சூத்திரத்தைப் பக்கம் பக்கமாகப் போட்டோம். இரண்டு மொழியிலும் காரணம் கிடைக்கவில்லை. மொழி மாறியதால் எனக்கு நஷ்டம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பாஷை இருந்தது, யுக்தி இல்லை. அதுதான் விஷயம்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அக்கா பையன் பகுதித் தொகையிடல் போட்டுக்கொண்டிருந்தான். பெர்னோலி சூத்திரத்தில் கூட்டல் கழித்தல் குறிகளைப் பென்சிலால் மேலே வரிசையாக எழுதிவைத்திருந்தான், மறந்துவிடாமல் இருக்க. கைமாற்றுக் கணக்கைச் சொன்னேன். அவன் அதைக் கேட்டுவிட்டு, நாலு மாதத்துக்குப் பதில் ஐந்து மாதம் வைத்துத் தானே போட்டுப் பார்த்தான். ஐந்தும் பதினைந்தும் எழுபத்தைந்து. வர்க்கங்கள் ஐம்பத்தைந்து. இன்னொரு பக்கம் 1, 3, 6, 10. இருபது.

“வருது மாமா.”

“வரும்டா.”

கொஞ்ச நேரம் தாளையே பார்த்தான். அப்புறம் கேட்டான். “இதுல யாரை யு-ன்னு எடுக்கிறது, யாரை டிவி-ன்னு எடுக்கிறது?”

“எதை எடுத்தா கழிக்கிற பக்கம் சுலபமா இருக்கோ அப்படி.”

“அதுக்குத்தான் ஐலேட்டா?”

“அதுக்குத்தான்.”

“இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல” என்று சொல்லிவிட்டு, மேலே எழுதியிருந்த குறிகளை அழிக்காமல் அடுத்த கணக்குக்குப் போனான். அடுத்த மாதம் பரீட்சை அவனுக்கு.